பழைய ஓசேஜ் கட்டையில் வில்: முதல்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்காவில் கான்சாஸ் பக்கம் இருந்தால், யாராவது விவசாயி "கொட்டகையில் பழைய ஹெட்ஜ் கட்டை கிடக்கிறது, வேண்டுமா?" என்று கேட்டால், யோசிக்காமல் வண்டியை எடுங்கள். ஓசேஜ் ஆரஞ்சு மரத்துக்கு அங்கே அதுதான் பெயர். எனக்குக் கிடைத்தது அப்படித்தான். ஆறடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், நாலாகப் பிளந்ததில் ஒரு துண்டு, பட்டைகூட உரிக்காமல் உத்தரத்துக்கு மேல் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. வெளியே சாம்பல் நிறம், புறா எச்சம், தூசி. விறகு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓர் ஓரத்தில் கத்தியால் லேசாகச் சீவிப் பார்த்தேன், உள்ளே கிழங்கு மஞ்சளை உடைத்தால் தெரியுமே, அந்த நிறம்.

ஓசேஜ் ஆரஞ்சு என்பது பெயர்தான், ஆரஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நம் பலாவும் மல்பெரியும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. காயைக் கீறினால் பலா மாதிரியே வெள்ளைப் பால் வடியும். டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா மாநிலங்கள் சேரும் ரெட் ஆற்றுப் பகுதிதான் இதன் சொந்த ஊர். ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்கள் இதில் வில் செய்தார்கள், அதனால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு வியாபாரிகள் 'ப்வா தார்க்', அதாவது வில் மரம் என்றார்கள், அது தேய்ந்து இன்றும் தெற்கே 'போடார்க்'. 1804ல் ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் இதன் நடுகுச்சிகளை ஜனாதிபதி ஜெபர்சனுக்கு அனுப்பும்போது, இந்த மரத்துக்காகப் பூர்வகுடிகள் பல நூறு மைல் நடக்கிறார்கள் என்று எழுதினார். 1811ல் மிசௌரி ஆற்றில் மேலே போன தாவரவியலாளர் ஜான் பிராட்பரி, அரிக்கரா மக்களிடம் இந்த மரத்து வில் ஒன்றின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று குறித்திருக்கிறார். 1874ல் முள்கம்பி வரும்வரை சமவெளி முழுக்க இதைத்தான் உயிர்வேலியாக நட்டார்கள், அதற்கப்புறம் வெட்டி வேலிக்கால் ஆக்கினார்கள். மண்ணில் புதைத்தாலும் லேசில் மட்காது. கொட்டகைகளில் இன்னும் கட்டை கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

சரி, வேலைக்கு வருவோம்.

கட்டையைப் பார்ப்பது

பச்சை மரம் என்றால் பிளந்து, முனைகளில் பசையோ மெழுகோ பூசி, ஒரு வருடமாவது காயவிட வேண்டும். பழைய கட்டையில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் யாரும் முனையில் எதுவும் பூசியிருக்க மாட்டார்கள், அதனால் இரண்டு பக்கமும் வெடிப்பு ஓடியிருக்கும். வெடிப்பு முடியும் இடத்துக்கு அப்பால் குறைந்தது 68 அங்குலம் மிச்சம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். இழையோடு நீளவாக்கில் ஓடும் மெல்லிய வெடிப்பு பெரிய பிரச்சினை இல்லை, குறுக்கே சாய்ந்து வெளியேறும் வெடிப்பு என்றால் அந்தக் கட்டை அடுப்புக்கு.

பட்டைக்கு அடியில் பூச்சி துளைத்து மாவு கொட்டும், பயப்படாதீர்கள். அது சாப்பிடுவது வெளிறை (பட்டைக்கு அடியில் இருக்கும் வெளிர்நிற மரத்தை) மட்டும்தான், அதை எப்படியும் சீவி எறியப்போகிறோம். வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதிக்குள்ளும் துளை போயிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையைப் பாருங்கள், முறுக்குப் பிழிந்த மாதிரி திருகியிருந்தால் முதல் வில்லுக்கு வேண்டாம். கடைசியாக, வெட்டு முகத்தில் ஆண்டு வளையங்கள். ஒவ்வொன்றும் எட்டில் ஒரு அங்குலம் தடிமன் இருந்தால் அதிர்ஷ்டம். தாள் அடுக்கின மாதிரி மெல்லியதாக இருந்தால் கண்ணீர்தான்.

காய்ந்த கட்டைதானே என்று அன்றைக்கே ஆரம்பிக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் இரண்டு மூன்று வாரம் வைத்து, வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை மாறாமல் நின்றால் தயார். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் வைக்காதீர்கள், அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் மரம் படக்கென்று முறியும். ஈரப்பதம் எட்டிலிருந்து பத்து சதவீதம் இருந்தால் நல்லது.

கருவிகள்

டிரா நைஃப் (இரண்டு கைப்பிடி வைத்து நம்மை நோக்கி இழுத்துச் சீவும் கத்தி), ஸ்கிரேப்பர் தகடு, முரட்டு அரம் ஒன்று, எலிவால் அரம் ஒன்று, உப்புத்தாள், கட்டையைப் பிடிக்க வைஸ், பென்சில். பேண்ட்சா (மின்சாரப் பட்டை ரம்பம்) இருந்தால் ஒரு நாள் மிச்சம், இல்லாவிட்டால் கைக்கோடாலி போதும். மூக்குக்கு முகமூடி அவசியம். இந்த மஞ்சள் தூள் எனக்கு இரண்டு நாள் கண்ணையும் தொண்டையையும் ஒரு வழி பண்ணியது.

ஒரே வளையத்தைப் பிடித்துக்கொண்டு போவது

மொத்த வேலையிலும் பொறுமையாகச் செய்ய வேண்டியது இதுதான். மற்றது எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளிக்கலாம். வில்லில் எய்பவருக்கு எதிர்ப்புறம், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கம், முதுகு. நம்மைப் பார்க்கும் பக்கம் வயிறு. வளைக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். இழுபடும் முதுகில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே ஆண்டு வளையம் அறுபடாமல் ஓட வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் கத்தி ஆழமாக இறங்கி வளையம் அறுந்தால் அங்கேதான் சிலாம்பு கிளம்பும்.

என் முதல் வில் அப்படித்தான் போனது. ஒரு கணுவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இழுப்பு கூடிவிட்டது, விரல் நகம் அகலத்துக்கு அடுத்த வளையம் தெரிந்தது, 'இவ்வளவுதானே' என்று மேலே போனேன். இருபது அங்குலம் இழுத்தபோது துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம், கையில் கைப்பிடியும் ஒரு பாதியும்தான் இருந்தது. மறுபாதி சுவரில் ஒரு குழி போட்டுவிட்டுக் கீழே கிடந்தது.

முதலில் பட்டையையும் வெளிறையும் தைரியமாக இழுத்துச் சீவுங்கள். மஞ்சள் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, வெட்டு முகத்தைப் பார்த்து, நல்ல தடிமனான ஒரு வளையத்தைத் தேர்ந்து பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு பகுதி உண்டு: வசந்தத்தில் வளர்ந்த துளைத் துளையான மெல்லிய அடுக்கு, கோடையில் வளர்ந்த கொம்பு மாதிரி வழவழப்பான அடுக்கு. நமக்கு வேண்டியது கோடை அடுக்கின் மேல்பரப்பு, அதற்கு மேலே இருக்கும் துளை அடுக்கை மட்டும் சுத்தமாக எடுக்க வேண்டும்.

இதற்குக் கண்ணைவிடக் காது உதவும். கத்தி துளை அடுக்கில் போகும்போது வாயில் தட்டை நொறுங்குவது மாதிரி 'கருக் கருக்' என்று கேட்கும், கையிலும் அந்த நறநறப்பு தெரியும். அது கேட்டதும் கத்தியை வைத்துவிட்டு ஸ்கிரேப்பரை எடுங்கள். சத்தம் நின்று கை வழுக்கிக்கொண்டு போனால் சரியான பரப்பில் இருக்கிறீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள், மிச்சமிருக்கும் துளை அடுக்கு புள்ளிப்புள்ளியாக நிழல் விழுந்து தெரியும். பழைய கட்டை எலும்பு மாதிரி இறுகியிருக்கும், புதுக் கூர் வைத்த கத்தி ஆழமாகக் கடித்துச் சில்லு பெயர்க்கும், அதனால் கொஞ்சம் மழுங்கின கத்தியே இதற்கு நல்லது. கணு வரும் இடத்தில் வளையம் சின்ன மேடாக எழும்பும். அதைச் சமப்படுத்த ஆசை வரும், கூடவே கூடாது. இரண்டு பக்கத்திலிருந்தும் மேட்டை நோக்கிச் சுரண்டி, மேட்டை மேடாகவே விடுங்கள்.

எனக்கு இரண்டாவது கட்டையில் இது மட்டும் மூன்று மாலைப்பொழுது எடுத்தது.

வரைவதும் வெட்டுவதும்

முதுகில் நடுக்கோடு போட ஸ்கேல் எடுக்காதீர்கள். இழை எப்படி ஓடுகிறதோ பென்சிலும் அப்படியே ஓட வேண்டும், பாம்பு மாதிரி நெளிந்தாலும் பரவாயில்லை. இரண்டு முனைக்கும் ஒரு நூல் கட்டிப் பார்த்தால் அது கைப்பிடியின் நடுவே போனால் போதும்.

28 அங்குலம் இழுப்பவருக்கு 66லிருந்து 68 அங்குல நீளம். நடுவில் 4 அங்குலம் கைப்பிடி, அகலம் ஒன்றேகால். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் தோள், அங்கே தடிமன் படிப்படியாக இறங்கிக் கையோடு (வில்லின் வளையும் பாதிக்குக் கை என்று பெயர்) சேரும். மேல்கை, கீழ்கை இரண்டும் பாதிவரை ஒன்றரை அங்குல அகலம், அங்கிருந்து முனையில் அரை அங்குலம்வரை குறுகும். தடிமன், தோளுக்குப் பக்கத்தில் முக்கால் அங்குலம், முனையில் அரை அங்குலம். இது தொடக்க அளவுதான், கடைசி அளவை வளைவுதான் சொல்லும். தடிமன் கோடு போடும்போது முதுகின் மேடுபள்ளத்தை அப்படியே பின்தொடருங்கள்: விரலை முதுகில் ஓட்டிக்கொண்டே பென்சிலால் பக்கவாட்டில் கோடு இழுத்தால் தானாக வரும். கோட்டுக்கு வெளியே வெட்டி, அரத்தால் கோடுவரை கொண்டுவாருங்கள். இதற்கப்புறம் மரம் எடுப்பது வயிற்றுப் பக்கம் மட்டும், முதுகைத் தொடக்கூடாது.

வளைவைச் சமன்படுத்துவது

டில்லரிங் என்பார்கள். ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். எங்கே வளைகிறது, எங்கே கம்பு மாதிரி நிற்கிறது என்று கண் பழகும். நிற்கும் இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். இரண்டு கையும் ஓரளவு ஒரே மாதிரி வளைந்ததும் முனையிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி, நாண் மாட்டுவதற்கு எலிவால் அரத்தால் பக்கவாட்டில் சாய்வாகக் காடி போடுங்கள். காடியும் முதுகுக்குக் குறுக்கே போகக்கூடாது.

அடுத்து, வில்லைவிடக் கொஞ்சம் நீளமான தளர்ந்த நாண் மாட்டி, சுவரில் அடித்த ஒரு கட்டைமேல் கைப்பிடியை உட்காரவைத்து, கீழே ஒரு கப்பி வழியாகக் கயிற்றை இழுத்து, தள்ளி நின்று பாருங்கள். தள்ளி நிற்பது பார்வைக்கு மட்டும் இல்லை, பாதுகாப்புக்கும்தான், சுவர்க்குழி ஞாபகம் இருக்கட்டும். நடுவில் ஒரு ஸ்பிரிங் தராசு மாட்டுங்கள். முதல் வில்லுக்கு 40 பவுண்டு இலக்கு போதும், எந்தக் கட்டத்திலும் தராசு அதைத் தாண்டக்கூடாது. பத்து அங்குலத்திலேயே 40 வந்தால் அங்கேயே நிறுத்தி, சுரண்டி, மறுபடி இழுங்கள்.

ஒரு சின்ன உபாயம்: ஆறு அங்குல மரத்துண்டின் நடுவில் துளை போட்டு ஒரு பென்சிலைச் செருகி, வளைந்த நிலையில் வயிற்றின்மேல் ஓட்டுங்கள். அதிகம் வளையும் இடத்தில் தொடாத அளவுக்குப் பென்சிலை உள்ளே தள்ளிவைத்தால், வளையாத இடங்களில் மட்டும் அது கோடு போடும். கோடு விழுந்த இடத்தில் ஸ்கிரேப்பர், விழாத இடத்தில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை சுரண்டியதும் அரைகுறையாக முப்பது தடவை இழுத்துவிட்டு அப்புறம் பாருங்கள், மரத்துக்குப் புது வடிவம் புரியக் கொஞ்சம் நேரம் ஆகும். ஒரே இடத்தில் கீல் மாதிரி மடிந்தால், அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் எடுங்கள். பவுண்டு குறையும், வேறு வழியில்லை.

வளைவு நன்றாக வந்தபின் சரியான நீளத்து நாண் ஏற்றுங்கள், முதலில் கைப்பிடிக்கும் நாணுக்கும் நாலு அங்குல இடைவெளி, அப்புறம் ஆறு. நாண் ஒரு பக்கமாக ஒதுங்கினால் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் எண்ணெய் தடவி ஹீட் கன்னால் கை வைக்க முடியாத சூடுவரை காட்டி, கிளாம்ப் போட்டு நேராக்கி ஒரு நாள் விடுங்கள். காய்ந்த ஓசேஜ் உலர்சூட்டுக்கு நன்றாகவே வளைந்துகொடுக்கும். கீழ்கை மேல்கையைவிட ஒரு நூல் விறைப்பாக இருக்கட்டும். அம்பின் மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலும் வைத்து இழுக்கும்போது அதுதான் சரியாக வரும். 26 அங்குலத்தில் 40 பவுண்டு வந்ததும் ஸ்கிரேப்பரை ஒளித்துவையுங்கள். மிச்ச இரண்டு அங்குலத்துக்கு உப்புத்தாளே போதும்.

முடிப்பு

ஓரங்களை உருட்டி, உப்புத்தாள் போட்டு, ஒரு கண்ணாடிப் பாட்டிலால் முதுகை அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வரும். ஆளி விதை எண்ணெய் மூன்று நாலு கோட். மஞ்சள் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள், வெயில் பட்டால் நாளடைவில் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகிவிடும். நாணுக்கு டாக்ரான் பி-50 என்ற பாலியெஸ்டர் நூல், 12 இழை. புதிய அதிவேக நாண்கள் விறைப்பானவை, மரவில்லின் முனைக்கு ஆகாது.

அம்பு இல்லாமல் இழுத்து விடாதீர்கள். எய்து முடிந்ததும் நாணை இறக்குங்கள். கோடையில் காருக்குள் விடாதீர்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அதே நொடியில் நிறுத்தி, முதுகு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள்.

முதல் நூறு அம்புக்குள் வளைவு கொஞ்சம் மாறும். என்னுடையது இரண்டு பவுண்டு இறங்கியது, கீழ்கை முனைப்பக்கம் கொஞ்சம் சோம்பலாக நின்றது. அந்த இடத்தில் ஸ்கிரேப்பரை ஏழு முறை இழுத்து, மறுபடி எண்ணெய் தடவினேன், அதற்கப்புறம் தொடவில்லை.