யூகே-ல பழைய கிட் கார் வாங்கி லீகலா ரோட்டுல இறக்குறது எப்படி

கிட் கார்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல ரெண்டு வரி. ஃபேக்டரில முழுசா செஞ்சு ஷோரூம்ல நிறுத்துற கார் இல்ல இது. ஒரு சின்ன கம்பெனி சேஸி, பாடி, சஸ்பென்ஷன் சாமான்லாம் குடுக்கும், இன்ஜின் கியர்பாக்ஸ் ஆக்ஸில் இதெல்லாம் ஒரு பழைய கார்ல இருந்து கழட்டிட்டு வந்து வாங்குனவங்களே கராஜ்ல வச்சு மாட்டிக்கணும். அந்தப் பழைய காரைத்தான் டோனர்னு சொல்றாங்க. ஒரு காலத்துல ஃபோர்டு எஸ்கார்ட், கார்டினா, சியரா, இப்போ அதிகமா மஸ்தா எம்எக்ஸ்-5, சிலர் பைக் இன்ஜினையே தூக்கி வச்சிடுறாங்க.

இந்தப் பழக்கம் இங்கிலாந்துல இவ்வளவு பரவுனதுக்கு காரணம் வரிதான். 1957-ல லோட்டஸ் செவன்ங்கிற சின்ன ஓப்பன் ஸ்போர்ட்ஸ் கார் வந்தப்போ முழுக்காருக்கு பர்சேஸ் டாக்ஸ் உண்டு, பார்ட்ஸா வாங்கிட்டுப் போனா கிடையாது. அசெம்பிள் பண்ற விளக்கம் சேத்துக் குடுத்தா வரி விழும்கிறதால, கழட்டுறது எப்படின்னு எழுதிக் குடுத்தாங்க, வாங்குனவங்க அதைக் கடைசிப் பக்கத்துல இருந்து படிச்சு மாட்டுனாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. 1973-ல பர்சேஸ் டாக்ஸுக்குப் பதிலா வேட் (VAT) வரி வந்ததும் அந்த லாபம் போச்சு, அதே வருஷம் செவனோட உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போச்சு, ஆனா ஆசை மட்டும் போகல. வெஸ்ட்ஃபீல்டு, ராபின் ஹுட், டைகர்னு கிட் கார் கம்பெனிங்க வரிசையா வந்துச்சு. அந்தக் காலத்துல கட்டுன வண்டிங்கதான் இப்போ செகண்ட் ஹேண்ட்ல சுத்துது, அதுல பாதிக்கு பேப்பர் குழப்பம் இருக்கும்.

அதனால என்னோட கருத்து ஒண்ணுதான், கார் பாக்கப் போறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க. இன்ஜின் போனா வேற இன்ஜின் வாங்கிக்கலாம், ஆனா பேப்பர் தப்பா இருந்தா அந்தக் கார் ரோட்டுக்கு வர ஒரு வாரமா ஒரு வருஷமான்னே சொல்ல முடியாது.

ஸ்டெப் 1: எந்த வகைக் கார்னு பிரிச்சுக்கோங்க

விக்கிறவங்க விளம்பரத்துல என்ன வேணா போடுவாங்க, நீங்க இதை மூணா பிரிச்சுக்கோங்க. முதல் வகை, சரியா ரிஜிஸ்டர் ஆகி எம்ஓடி (வருஷா வருஷம் பண்ற பாதுகாப்பு டெஸ்ட்) எல்லாம் இருக்குற கார், இது சாதாரண பழைய கார் வாங்குற மாதிரிதான். ரெண்டாவது, ரிஜிஸ்டர் ஆகியிருக்கு ஆனா தப்பா ஆகியிருக்கு. மூணாவது, யாரோ கட்ட ஆரம்பிச்சு பாதில விட்ட கார், நம்பரே கிடையாது. புதுசா வர்றவங்களுக்கு நான் முதல் வகையைத்தான் சொல்லுவேன், மூணாவது வகையும் பரவாயில்ல நேரம் இருந்தா. ரெண்டாவதுதான் ஆபத்து, ஏன்னா பாக்க முதல் வகை மாதிரியே இருக்கும், விலையும் அப்படியே கேப்பாங்க.

ஸ்டெப் 2: வி5சி-யை வரி வரியா படிங்க

வி5சி-ங்கிறது லாக் புக், அதாவது வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர், வண்டிகளை ரிஜிஸ்டர் பண்ற அரசு அமைப்பான டிவிஎல்ஏ குடுக்குறது. பல பேரு பேரும் நம்பரும் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு மடிச்சு வச்சிடுவாங்க. நீங்க பாக்க வேண்டியது மேக், மாடல், பாடி டைப், சேஸி நம்பர், இன்ஜின் நம்பர், சிசி.

முன்னாடி நிக்கிறது கதவே இல்லாத ரெண்டு சீட்டு ஓப்பன் கார், வி5சி-ல பாத்தா மேக் ஃபோர்டு, மாடல் சியரா, பாடி டைப் சலூன்னு இருக்கும். அப்படின்னா என்ன அர்த்தம், கட்டுனவரு டோனர் காரோட நம்பரை அப்படியே எடுத்து இதுல மாட்டிட்டு டிவிஎல்ஏ-கிட்ட எதுவுமே சொல்லல. இருபது வருஷமா ஓடுது சார், எம்ஓடி கூட பாஸ் ஆகுதுன்னு விக்கிறவரு சொல்லுவாரு. அவரு சொல்றது உண்மையாவே இருக்கலாம், எம்ஓடி பண்றவங்க வண்டி பாதுகாப்பா இருக்கான்னு பாப்பாங்க, ரிஜிஸ்ட்ரேஷன் முறையா நடந்துச்சான்னு விசாரிக்கிறது அவங்க வேலை இல்ல. ஆனா என்னைக்காவது டிவிஎல்ஏ-க்குத் தெரிய வந்தா அந்த நம்பர் கேன்சல் ஆகலாம், அப்புறம் காரை புதுசா டெஸ்ட்டுல பாஸ் பண்ண வச்சுத்தான் நம்பர் வாங்கணும். ஆக்ஸிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரங்களும் இதைத்தான் முதல்ல தோண்டுவாங்க. இந்த மாதிரி காரை வாங்கியே ஆகணும்னு இருந்தா நம்பர் இல்லாத காருக்கு என்ன விலையோ அதைக் குடுங்க, ஒரு பவுண்டு கூட மேல வேணாம்.

சேஸி நம்பரை வி5சி-யோட மட்டும் இல்ல, சேஸில அடிச்சிருக்கறதோடயும் ஒத்துப் பாருங்க. பிளேட் ரிவிட் அடிச்சு ஒட்டியிருந்தா அது பத்தாது, டியூபிலயே குத்தியிருக்கான்னு தேடுங்க, பெயின்ட் மூடியிருந்தா விக்கிறவரையே சுரண்டிக் காட்டச் சொல்லுங்க.

க்யூ-ல ஆரம்பிக்கிற நம்பர் பிளேட் பாத்து பயப்பட வேணாம். எந்த வருஷத்து பார்ட்ஸ்னு நிரூபிக்க முடியாத வண்டிக்குக் குடுக்குற நம்பர் அது. அழகா இல்லன்னு சிலருக்குப் பிடிக்காது, விலையும் கொஞ்சம் இறங்கும். என்னைக் கேட்டா நேர்மையான க்யூ பிளேட் பொய்யான சியராவை விட எவ்வளவோ மேல்.

வி5சி-யே தொலைஞ்சு போச்சு, நீங்களே வி62 ஃபார்ம் போட்டு வாங்கிக்கோங்கன்னு சொன்னா, 25 பவுண்டுதானே ஆகும்னு தலையாட்டாதீங்க. அவரையே வாங்கி வைக்கச் சொல்லுங்க, வந்ததும் பணம் தர்றேன்னு சொல்லுங்க. அப்போ தெரிஞ்சிடும்.

நம்பர் இருந்தா அரசு தளத்துல எம்ஓடி ஹிஸ்டரி இலவசமா பாக்கலாம், எத்தனை மைல் ஓடியிருக்கு, ஃபெயில் ஆன காரணம் எல்லாம் வரும். ஒரே அட்வைசரி (பாஸ் ஆனாலும் இதை கவனிங்கன்னு எழுதுற குறிப்பு) வருஷா வருஷம் வந்துட்டே இருந்தா ஓனரு எப்படிப்பட்டவருன்னு புரிஞ்சிடும். லோன் பாக்கி, திருட்டு வண்டி செக்கும் காசு குடுத்துப் பண்ணிடுங்க.

ஸ்டெப் 3: இப்போ காரைப் பாருங்க

இதுல முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது, இதைக் கட்டுனது கம்பெனி இல்ல, ஒரு தனி மனுஷன். ஒரே மாடல் ரெண்டு கார் பக்கத்துல நின்னா ஒண்ணு நகை மாதிரி இருக்கும், இன்னொண்ணுல உக்காரவே பயமா இருக்கும். அதனால மாடல் பத்தின ரிவ்யூ படிச்சு பெரிய பிரயோஜனம் இல்ல.

தரையில படுத்துப் பாருங்க. சதுர டியூப் வெல்டு பண்ண ஸ்பேஸ் ஃபிரேம்தான் பெரும்பாலும், பவுடர் கோட்டிங் மேல பளபளன்னு இருக்கும், உள்ள துரு பரவியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிட்டே போங்க, நல்ல இடத்துல கிண்ணுனு வரும், துரு தின்ன இடத்துல மந்தமா வரும். சஸ்பென்ஷன் பிராக்கெட் சேஸியோட சேர்ற வெல்டைச் சுத்தி முடி மாதிரி விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, இருந்தா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துடலாம். ஃபைபர் பாடில வர்ற நட்சத்திர வடிவ விரிசல் அழகுக்குக் கேடு, உயிருக்கு இல்ல.

அடுத்தது வயரிங். டேஷ்போர்டுக்குக் கீழ தலையை விட்டுப் பாருங்க. எல்லா வயரும் ஒரே கலர்ல இருந்தா, இன்சுலேஷன் டேப் சுத்தி தொங்கிட்டு இருந்தா, ஃபியூஸ் பாக்ஸ்ல எது எதுக்குன்னு எழுதாம இருந்தா, முழு வயரிங்கையும் மாத்துற செலவை மனசுல வச்சுக்கிட்டு விலை பேசுங்க. கிட் கார்ல பாதி மர்ம வியாதி எர்த் சரியில்லாததாலதான், ஃபைபர் பாடி கரன்ட் கடத்தாதுங்கிறதை கட்டுனவங்க மறந்துடுறாங்க, இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட் சேர்ந்து மினுக்குனா அதுதான் காரணம்.

கடைசியா பில்லும் ஃபோட்டோவும் கேளுங்க. கட்டும்போது எடுத்த ஃபோட்டோ, பார்ட்ஸ் வாங்குன ரசீது, டோனர் காரோட பழைய வி5சி விவரம், கம்பெனி குடுத்த பில்டு மேனுவல். ஒரு தடிமனான ஃபைலைத் தூக்கிக் காட்டுற ஓனர் கிட்ட ஐநூறு பவுண்டு கூடக் குடுத்தாலும் நஷ்டம் இல்ல.

ஸ்டெப் 4: சரியான பேப்பர் இருக்குற காரா? அப்போ வேலை சுலபம்

விக்கிறவரு டிவிஎல்ஏ-ல ஓனர் மாத்துறதை ஆன்லைன்லயே பண்ணிடலாம், உங்களுக்கு வி5சி-ல இருந்து கிழிச்ச கிரீன் ஸ்லிப் குடுக்கணும். ரோடு டாக்ஸ் காரோட சேர்ந்து வராது, 2014 அக்டோபர்ல இருந்து அந்த முறை இல்ல, நீங்கதான் கிரீன் ஸ்லிப் நம்பர் வச்சு உடனே கட்டணும். ஓட்டாம வைக்கப் போறீங்கன்னா எஸ்ஓஆர்என் (வண்டி ரோட்டுல ஓடலன்னு டிவிஎல்ஏ-க்கு சொல்ற அறிவிப்பு) போட்டுடுங்க, ஆனா எஸ்ஓஆர்என் போட்ட காரை தெருவுல நிறுத்தக் கூடாது, சொந்த இடத்துலதான் நிக்கணும்.

இன்சூரன்ஸுக்கு கம்பேரிசன் தளத்துல தேடுனா லிஸ்ட்லயே இந்த மாடல் இருக்காது. கிட் காருக்குன்னே பண்றவங்க இருக்காங்க, ஃபோன் பண்ணிப் பேசுங்க, இன்ஜின் மாத்துனது வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லுங்க. அக்ரீட் வேல்யூ, அதாவது கார் போனா இவ்வளவு தர்றோம்னு முன்னாடியே ஒத்துக்குற தொகை கேளுங்க, இல்லன்னா கார் போச்சுன்னா அவங்க சொல்றதுதான் விலை. இன்ஜின் மாறியிருந்து வி5சி-ல மாறலன்னா அதையும் டிவிஎல்ஏ-க்கு எழுதி சரி பண்ணிடுங்க.

ஸ்டெப் 5: நம்பர் இல்லாத கார்னா ஐவிஏ டெஸ்ட்

ஒவ்வொரு வண்டியா தனித்தனியா பாத்து ரோட்டுக்கு தகுதியான்னு சொல்ற டெஸ்ட் இது, வண்டி டெஸ்ட்டுங்களை கவனிக்கிற அரசு அமைப்பான டிவிஎஸ்ஏ நடத்துது. முன்னாடி எஸ்விஏ-ன்னு இருந்துச்சு, 2009-ல இது வந்துச்சு. எம்ஓடி-யை விட பல மடங்கு கடுமை, அரை நாள் போயிடும். ஐவிஏ 1சி ஃபார்ம் நிரப்பி ஃபீஸோட அனுப்பணும், அமெச்சூரா சொந்த உபயோகத்துக்குக் கட்டுனதுங்கிறதுக்கு ஆதாரம் கேப்பாங்க, முந்தின ஓனரோட ஃபோட்டோவும் பில்லும் இங்கதான் உதவும். இன்ஸ்பெக்டர் வச்சிருக்கற மேனுவலே அரசு தளத்துல இலவசமா கிடைக்குது. அதை பிரின்ட் எடுத்து கராஜ்ல தொங்க விட்டுட்டு ஒவ்வொரு பக்கமா டிக் அடிச்சுட்டுப் போறதுதான் சரியான வழி.

அதிகமா ஃபெயில் ஆகுறது கூர்மையான விளிம்புலதான். 100 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ஒரு பந்தை வச்சு வெளிப்பக்கம் முழுக்க உருட்டிப் பாப்பாங்க, பந்து தொடுற இடத்துல இருக்குற விளிம்பெல்லாம் குறைஞ்சது 2.5 மில்லிமீட்டர் ரேடியஸ்ல உருண்டையா இருக்கணும். செவன் மாதிரி கார்ல முன் சஸ்பென்ஷன் வெளியவே நீட்டிட்டு இருக்கறதால ஒவ்வொரு போல்ட்டு தலைக்கும் பிளாஸ்டிக் தொப்பி, வீல் ஆர்ச்சுக்கு ரப்பர் டிரிம், கண்ணாடி பிராக்கெட்டுக்குக் கூட டிரிம்னு மாட்டணும். உள்ள டேஷ்போர்டுக்கு 165 மில்லிமீட்டர் பந்து, தலை மோதுற இடம்னு கணக்கு. டெஸ்ட் பாஸ் ஆனதும் அந்த டிரிம்மையெல்லாம் பிச்சுப் போட்டுட்டு ஓட்டுறவங்க நிறைய பேரு இருக்காங்க, நான் அதை சிபாரிசு பண்ண மாட்டேன், நடந்து போறவங்க கால்ல கிழிச்சா யாரு பதில் சொல்றது.

அடுத்து ஸ்டியரிங் தானா நேராகுறது. மெதுவா திருப்பிட்டு கையை விட்டா வீல் நடுவுக்கு திரும்பி வரணும். கிட் கார் எடை கம்மி, அதனால முன் சக்கரத்துல பாரம் பத்தாம ஸ்டியரிங் அப்படியே நின்னுடும். முதல்ல ஸ்டியரிங் தண்டுல (காலம்) இருக்குற புஷ், யுனிவர்சல் ஜாயின்ட் சுத்த விடாம இறுக்கமா இருக்கான்னு பாருங்க, முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி நிறுத்தி ஒரு விரல்ல சுத்துனா சுத்தணும். அது சரியா இருந்தும் வரலன்னா கேஸ்டர் ஆங்கிளை (முன் சக்கரம் திரும்புற அச்சு பின்னாடி சாயுற கோணம்) கூட்டிப் பாருங்க, கூடவே டோ செட்டிங் (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பாக்குற அளவு). இதுக்கு ஒரு முழு சனிக்கிழமை ஒதுக்குங்க.

மத்தது வேகமா சொல்லிடுறேன். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தை விட குறைச்சுக் காட்டவே கூடாது, டயர் சைஸ் மாத்துனவங்க ஜிபிஎஸ் வச்சு சரி பாத்துக்கோங்க. சத்தம் 99 டெசிபல் தாண்டக் கூடாது. பிரேக் பைப்பும் வயரும் ஆடாம கொஞ்ச தூரத்துக்கு ஒரு கிளிப் வேணும். பிரேக் ஃப்ளூயிட் குறைஞ்சா எரியுற லைட் வேலை செய்யணும். பெட்ரோல் மூடி பூட்டு உள்ளதாவோ கழண்டு தொலையாத மாதிரியோ இருக்கணும். பின்னாடி ஃபாக் லைட் மறக்காதீங்க.

டெஸ்டுக்கு டிரெய்லர்ல ஏத்திட்டுப் போறதுதான் நிம்மதி. முன்கூட்டியே புக் பண்ண டெஸ்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம், ஆனா இன்சூரன்ஸ் கட்டாயம், சேஸி நம்பர் வச்சு போட்டுக் குடுப்பாங்க. ஸ்பேனர், டேப், கேபிள் டை, டிரிம் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க, சின்ன விஷயம்னா அங்கயே சரி பண்ண விடுற இன்ஸ்பெக்டர் உண்டு. முதல் தடவை ஃபெயில் ஆகுறது சகஜம், எதுக்கு ஃபெயில்னு எழுதிக் குடுப்பாங்க, ரீடெஸ்டுக்கு ஃபீஸ் ரொம்பக் கம்மி.

ஸ்டெப் 6: டிவிஎல்ஏ-க்கு பேப்பர் அனுப்புறது

பாஸ் ஆனா ஐஏசி-ன்னு அப்ரூவல் சர்டிஃபிகேட் வரும். அதோட வி627/1 ஃபார்ம், இதுலதான் எந்த பார்ட் எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதணும், அப்புறம் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் வி55/4 இல்லன்னா வி55/5, பில்லுங்க, ஃபோட்டோ, அடையாளச் சான்று, ரோடு டாக்ஸ், முதல் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 55 பவுண்டு. எல்லா பார்ட்டும் புதுசு, ஒண்ணே ஒண்ணு மட்டும் ரீகண்டிஷன் பண்ணதுன்னா இப்போதைய வருஷத்து நம்பர் கிடைக்கும், டோனர்ல இருந்து வந்த பார்ட்ஸைப் பொறுத்து பழைய வருஷத்து நம்பரோ க்யூ-வோ வரும். மாத்திக் கட்டுன வண்டிகளுக்கான டிவிஎல்ஏ விதிகள் 2025 ஆகஸ்ட்ல மாறியிருக்கு, பழைய பதிவுகள்ல இருக்குற, பார்ட்டுக்கு இத்தனை பாயின்ட்ங்கிற கணக்கை நம்பாம அரசு தளத்துல இருக்கறதைப் படிச்சுட்டு நிரப்புங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க, ரெக்கார்டட் போஸ்ட்ல போடுங்க. வாரக்கணக்குல ஆகலாம், நடுவுல வந்து காரைப் பாக்கணும்னு கூட சொல்லலாம், அதனால கார் ஷோவுக்கு டிக்கெட் எடுத்துட்டு அவசரப்படுத்தாதீங்க. வி5சி கைக்கு வந்ததும் முதல் வேலை சேஸி நம்பர், சிசி, பாடி டைப் மூணையும் ஒரு தடவை சரி பாருங்க, தப்பு இருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்புங்க. அப்புறம் அந்த வி5சி-யைக் கொண்டு போய் நம்பர் பிளேட் அடிச்சுக்கலாம், இன்சூரன்ஸ்காரங்களுக்கு ஃபோன் பண்ணி சேஸி நம்பருக்குப் பதிலா புது நம்பரைப் போடச் சொல்லுங்க, எம்ஓடி எப்போ வேணும்னு அதே நம்பரை அரசு தளத்துல போட்டுப் பாத்துக்கோங்க.