நோன்பு சனிக்கிழமையில் வந்தால்: செருப்பில் மாட்டிக்கொண்ட கதை

ஜெருசலேமில் சப்பாத் (வெள்ளி மாலை முதல் சனி இருட்டும்வரை யூதர்களின் ஓய்வு நாள்) தவறாத ஒரு யூதப் பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்கு. பாட்டியை இங்கே சவ்தா என்பார்கள். 2022 ஆகஸ்ட் 6, யூத நாட்காட்டியில் ஆவ் மாதம் 9-ஆம் நாள் (ஜெருசலேம் ஆலயம் அழிந்ததற்காகத் துக்க நோன்பு இருக்கும் நாள்), சனிக்கிழமை. அன்று சொதப்பிய பிறகு கற்றுக்கொண்டது இது. சப்பாத்தில் விளக்கு, அடுப்பு தொடக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. எந்த நோன்பு என்று பாருங்கள். யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்) அசையாது, சனிக்கிழமையே பட்டினிதான். கெதலியா நோன்பு, தம்மூஸ் மாதம் 17, ஆவ் 9 மூன்றும் ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். எஸ்தர் நோன்பு மட்டும் முன்னால் வியாழனுக்கு வரும். ஞாயிறு பூரிம் பண்டிகையாயிற்றே. தெபெத் மாதம் 10-ஆம் நாள் நோன்பு சனியில் வரவே வராது.

2. கிழமை கண்டுபிடிக்கச் செயலி வேண்டாம். பாஸ்கா முதல் நாள் என்ன கிழமையோ அதேதான் ஆவ் 9-க்கும். சூரியன் மறையும் நேரத்தை வெள்ளியே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். சனிக்கிழமை அந்த வீட்டில் போனை எடுக்க முடியாது.

3. சனி மாலை. ஞாயிறுக்குத் தள்ளிய ஆவ் 9 நோன்பு சனி சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். இங்கேதான் நான் விழுந்தேன். நோன்புக்குத் தோல் செருப்பு கூடாது என்று தெரியும். பொறுப்பாக நாலு மணிக்கே துணிச் செருப்பைத் துடைத்து, கட்டிலருகே வைத்தேன். சவ்தா முகம் சுளித்தார்: "இன்னும் சப்பாத் முடியலையேம்மா!" சப்பாத்தில் மறுநாளுக்கு ஆயத்தம் செய்யக்கூடாதாம். துக்கச் சாயலும் கூடாது. மூன்றாம் சாப்பாட்டில் இறைச்சி, திராட்சரசம்கூட உண்டு. சூரியன் மறையுமுன் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நட்சத்திரம் தெரியும்வரை ஒரு இரண்டுங்கெட்டான் நேரம்: பட்டினி தொடங்கிவிட்டது, காலில் தோல் செருப்பு அப்படியே. இருட்டியதும் "பாருக் ஹமவ்தில்" என்று தொடங்கும், சப்பாத்தைச் சாதாரண நாளிலிருந்து பிரிக்கும் வரியைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாற்றுவது. துணிச் செருப்பை வெள்ளிக்கிழமையே எடுத்து வையுங்கள்.

4. ஹவ்தாலா, அதாவது சப்பாத்தை முடித்துவைக்கும் சடங்கு, இரண்டாகப் பிரியும். சனி இரவு மெழுகுவர்த்திச் சுடருக்கான ஆசி மட்டும். ஞாயிறு இரவு திராட்சரசத்தோடு மீதி, மெழுகுவர்த்தி கிடையாது. வாசனைப் பொருள் இரண்டு நாளும் இல்லை.

பின்சேர்க்கை: உடம்பு முடியாதவர் நோன்பில் சாப்பிட்டால் ஹவ்தாலா உண்டா என்று பின்னூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். உண்டு, முதல் கவளத்துக்கு முன்னாலேயே. எந்தப் பானத்தில் என்பதில் ரப்பிகளுக்குள்ளேயே (யூத மத குருமார்) கருத்து வேறுபாடு. அந்த வீட்டு ரப்பியிடம் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: 2025-இல் ஆவ் 9 ஞாயிறன்றே வந்தது. எதுவும் தள்ளிப்போகவில்லை, ஆனாலும் சனி மாலை இதே செருப்புக் கதைதான். அடுத்த சனிக்கிழமை ஆவ் 9, 2029 ஜூலை 21.