மைனஸ் 30-இல் முதல் குளிர்காலம்: வின்னிபெக் வருபவர்களுக்கான செய்முறை விளக்கம்

கனடாவின் மனிடோபா மாகாணத் தலைநகரான வின்னிபெக்கில், சனவரி மாதத்து இரவுகளின் சராசரி வெப்பநிலை −21 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். பகலின் உச்சமும் சராசரியாக −11 தான். 1879 டிசம்பர் 24 அன்று இங்கே −47.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. மார்கழி விடியலில் காதுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு கோலம் பார்க்கப் போன அனுபவமோ, கொடைக்கானலில் இரண்டு நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்ட அனுபவமோ இந்த ஊருக்குப் போதாது. ஆனாலும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே குளிர்காலம் முழுவதும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தைகளைப் பள்ளியில் விடுகிறார்கள், உறைந்த ஆற்றின் மேல் சறுக்கி விளையாடவும் செய்கிறார்கள். அவர்கள் நம்மைவிட உறுதியான உடல் படைத்தவர்கள் அல்லர். உடுத்தத் தெரிந்தவர்கள், அவ்வளவே. அந்த உடுத்தும் முறையையும், வீட்டுக்குள் செய்துகொள்ள வேண்டிய சில ஏற்பாடுகளையும், முதல் குளிர்காலத்தை எதிர்நோக்கியிருப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர் என்று ஒரு பொருள் வெளியிலிருந்து நமக்குள் நுழைவதில்லை. உடம்பின் சூடுதான் வெளியே போகிறது. உடலை ஒட்டி அசையாமல் நிற்கும் காற்று அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும். வீசும் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். ஈரமோ, காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக அதைக் கடத்திவிடும். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் கருணையைக் குறை சொல்ல முடியாது என்றாலும், இறகுகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் மயிலுக்கு அந்தப் போர்வை பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது. நாம் செய்யப்போவதெல்லாம், மயிலுக்கு இயல்பாக அமைந்ததைத் துணியால் அமைத்துக்கொள்வதுதான்.

முதல் படி: காலையில் இரண்டு எண்களைப் பாருங்கள்

கனடாவின் வானிலை அறிவிப்பில் வெப்பநிலையோடு ‘விண்ட் சில்’ என்ற மற்றோர் எண்ணும் வரும். காற்று வீசும்போது திறந்த தோலுக்கு எவ்வளவு குளிர்வதுபோல் இருக்கும் என்பதைச் சொல்லும் அந்த எண்ணை, டிகிரி என்ற சொல் சேர்க்காமல் வெறும் எண்ணாகவே கொடுப்பார்கள். வெப்பநிலை −25 ஆக இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், விண்ட் சில் −39 ஆகிவிடும். அது −28-ஐத் தாண்டினால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். −40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடங்களே போதும். ஆகவே எதை உடுத்துவது என்பதை வெப்பநிலையைப் பார்த்து முடிவு செய்தாலும், எவ்வளவு நேரம் வெளியே நிற்கலாம் என்பதை விண்ட் சில்லைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சன்னல் வழியே தெரியும் வெயிலை நம்பாதீர்கள். இந்த ஊரில் வானம் நீலமாகத் தெளிந்திருக்கும் நாள்களே பெரும்பாலும் மிகக் கடுங்குளிரான நாள்கள்.

இரண்டாம் படி: மூன்று அடுக்குகள்

தோலை ஒட்டிய முதல் அடுக்கின் வேலை, வியர்வையை உறிஞ்சித் தோலிலிருந்து அகற்றுவது. கடைகளில் தெர்மல் என்று கிடைக்கும் மேற்சட்டையும் நீண்ட கால்சட்டையும் இதற்கானவை. மெரினோ கம்பளியாலோ பாலியெஸ்டராலோ ஆனவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஊரிலிருந்து ஒரு டஜன் பருத்தி பனியன் கொண்டுவந்திருப்பீர்கள். நமது வெயிலுக்குப் பருத்தியை விஞ்சிய துணி இல்லை. ஆனால் வியர்வையை உறிஞ்சி, ஈரத்தை விடாமல் வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும் அதே குணம்தான் இங்கே தீங்காகிறது. பேருந்தைப் பிடிக்க ஓடி, வியர்த்து, பிறகு நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கும்போது அதை நீங்களே உணர்ந்துகொள்வீர்கள்.

நடு அடுக்கு காற்றைப் பிடித்து வைப்பதற்கானது. ஃப்ளீஸ் சட்டை, கம்பளி ஸ்வெட்டர் ஆகியவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே கனமான சட்டையைவிட மெல்லியவை இரண்டு இருப்பது நல்லது, ஏனெனில் அவற்றுக்கிடையே இன்னொரு காற்றடுக்கு கிடைக்கிறது, சூடேறிய அலுவலகத்துக்குள் போனதும் ஒன்றை மட்டும் கழற்றிவிடவும் முடிகிறது.

மேல் அடுக்குதான் பார்க்கா எனப்படும் நீளமான கோட்டு. இதை ஊரிலேயே வாங்கிவர வேண்டாம். குளிர்ப்பிரதேசத்துக்கு என்று அங்கே விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை −5-க்குக் கீழே தாங்காதவை, விமானச் சுமையும் வீண். இங்கே வந்த பிறகு, தொடையை மறைக்கும் நீளம், காற்றுப் புகாத மேல்துணி, முகத்துக்கு முன்னால் சற்றே நீண்டிருக்கும் தலைமூடி, மணிக்கட்டில் இறுகும் கைமுனை ஆகிய நான்கையும் பார்த்து வாங்குங்கள். உள்ளே அடைத்திருப்பது பெரும்பாலும் வாத்தின் தூவியாக இருக்கும். அன்னத்தூவி பரப்பிய மெத்தையைப் பற்றிப் பாடிய மொழிக்குத் தூவியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஈரம் பட்டால் அது பொதபொதவென்று ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் ஒரே பொருளில் போடுவதென்றால் பார்க்காவில் போடுவதைவிடக் காலணியில் போடுவதே என் பரிந்துரை. காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

மூன்றாம் படி: கால், கை, தலை

என் முதல் டிசம்பரில், பருத்திக் காலுறை இரண்டு சோடியை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, அளவெடுத்தாற்போல் பொருந்திய பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டு, இரட்டைப் பாதுகாப்பு என்ற பெருமிதத்தோடு வெளியே போனேன். இருபது நிமிடத்தில் விரல்கள் மரத்துவிட்டன. காலுறை கூடக் கூடச் சூடும் கூடும் என்று நான் போட்ட கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன: இறுக்கத்தால் காற்று தங்க இடமில்லை, அதே இறுக்கத்தால் விரல்நுனிக்கு இரத்தமும் சரியாகப் போகவில்லை. ஆகவே பூட்ஸை வாங்கப் போகும்போது, தடித்த கம்பளிக் காலுறை ஒன்றை அணிந்துகொண்டு போய், அதன்மேல் போட்ட பிறகும் உள்ளே விரல்களைத் தாராளமாக அசைக்க முடிகிற அளவைத் தேர்ந்தெடுங்கள். அடிப்பகுதி தடிமனாகவும், உள்ளேயிருக்கும் கம்பளி உறை தனியாகக் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். −40 வரை தாங்கும் என்று அட்டையில் எழுதியிருப்பது நடந்துகொண்டிருப்பவருக்குத்தான் ஓரளவு பொருந்தும். நிற்பவருக்கு அது சற்று மிகை.

கைக்கு, ஐந்து விரலும் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒரே பைக்குள் சேர்ந்திருக்கும் மிட்டன் சூடானது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். கைப்பேசியைத் தொட வேண்டியிருப்பவர்கள் மெல்லிய கையுறையை உள்ளேயும் மிட்டனை வெளியேயும் அணிந்துகொள்வார்கள். கைப்பேசியும் கோட்டின் உட்பையில், உடம்பை ஒட்டியே இருக்கட்டும். குளிரில் பாதி சார்ஜ் இருக்கும்போதே அது அணைந்துபோகும்.

தலைக்குக் கனடியர்கள் ‘டூக்’ என்றழைக்கும் பின்னல் தொப்பி. அது காதுமடலை முழுவதும் மூட வேண்டும். கழுத்துக்கு, தொங்கும் மப்ளரைவிட, தலைவழியாக மாட்டி மூக்குவரை ஏற்றிக்கொள்ளக்கூடிய குழாய் வடிவத் துணி வசதியானது. கண்ணாடி அணிபவர்களுக்கு மூச்சுக்காற்று மேலேறி வில்லையில் பனியாகப் படியும். துணியை மூக்குக்குக் கீழ்வரை இறக்கிச் சற்று நேரம் விட்டு மீண்டும் ஏற்றுவதைத் தவிர இதற்கு முழுமையான தீர்வு ஒன்றை நான் இன்னும் காணவில்லை. மூக்குத்தியும் பெரிய தோடும் உலோகமானதால் தோலின் சூட்டை விரைவாக வெளியேற்றிவிடும்; நீண்ட நேரம் வெளியே இருக்கப்போகும் நாளில் அவற்றைக் கழற்றிவிடுவதோ, துணிக்குள் முழுவதும் மறைத்துக்கொள்வதோ நல்லது. புடவையோ வேட்டியோ உடுத்திக் கோயிலுக்கோ திருமணத்துக்கோ போவதாக இருந்தால் உள்ளே தெர்மல் கால்சட்டை போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம். இங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

நான்காம் படி: புறப்படும் வரிசை

பார்க்காவை முதலில் மாட்டிக்கொண்டு பூட்ஸுக்குக் குனிந்தால், வாசலைத் தாண்டுமுன்பே வியர்த்துவிடும். எனவே தெர்மல், நடு அடுக்கு, காலுறை, பூட்ஸ், தொப்பி, கழுத்துத் துணி, பார்க்கா, கடைசியாக மிட்டன் என்ற வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தலைக்குக் குளித்திருந்தால் முடி முழுவதும் உலர்ந்த பின்னரே கிளம்புங்கள்; ஈர முடி சில நிமிடங்களில் குச்சிகுச்சியாக உறைந்துவிடும். குழந்தைகளைக் காரில் ஏற்றுகிறபோது ஒரு விதிவிலக்கு உண்டு: தடித்த கோட்டோடு குழந்தை இருக்கையில் அமர்த்திப் பட்டையை மாட்டக்கூடாது, ஏனெனில் விபத்தின்போது கோட்டு நசுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றிப் பட்டையை மாட்டிய பிறகு, அதன்மேல் கோட்டையோ கம்பளியையோ போர்த்துங்கள்.

ஐந்தாம் படி: நடப்பதும் நிற்பதும்

சாலையில் தூவப்படும் உப்பு −10-க்குக் கீழே போகப்போக வலுவிழக்கிறது. அதனால் கடுங்குளிரில் மணலைத்தான் தூவுகிறார்கள், மணல் பனிக்கட்டியை உருக்காது. கண்ணாடிபோல் படிந்து தார்ச்சாலையின் நிறத்திலேயே தெரியும் பனிக்கட்டியின்மீது, பெங்குவினைப்போல் கால்களைச் சற்று அகட்டி, சிறுசிறு அடியாக, பாதத்தை முழுவதும் ஊன்றி நடக்க வேண்டும். கைகள் பைக்குள் இருக்கக்கூடாது. நகரின் மையப்பகுதியில் கட்டடங்களை இணைக்கும் மூடிய நடைபாதைகள் நெடுகப் போகின்றன; காற்றுக்குப் பேர்போன போர்ட்டேஜ் – மெயின் சந்திப்பை ஒட்டி வேலை கிடைத்திருந்தால், முதல் வாரத்திலேயே அந்த வழிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வெளியே இருக்கும்போது மூக்கு, காது, கன்னம், விரல் ஆகியவற்றில் குத்தும் வலி திடீரென்று நின்று, உணர்ச்சியே இல்லாமல் போனால் அதை நிம்மதி என்று எண்ணிவிடாதீர்கள்; தோல் உறையத் தொடங்குவதன் அறிகுறி அது. தோல் வெளிறும் என்று எழுதியிருப்பார்கள், ஆனால் நமது நிறத்தில் அந்த வெளிறல் எளிதில் புலப்படாது; ஆகவே நிறத்தைத் தேடாமல், தொட்டால் மெழுகுபோல் விறைத்திருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். உடனே உள்ளே போய், உடல் சூட்டளவான 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தை வையுங்கள். தேய்க்கக்கூடாது, அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டக்கூடாது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது என்பதால் நீரின் பதத்தை வேறொருவர் பார்ப்பது நல்லது. உணர்ச்சி திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒருவர் நடுங்கி, பேச்சுக் குழறி, தடுமாறத் தொடங்கினால் உடலின் உள்வெப்பமே 35-க்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் 911-ஐ அழையுங்கள். மது சூடேற்றும் என்பது பொய். அது தோலுக்கு இரத்தத்தைத் திருப்பி, உள்ளிருக்கும் சூட்டைத்தான் செலவழிக்கும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே கார்களின் முகப்பில் ஒரு பிளக் தொங்குவதைக் கண்டு எல்லாமே மின்சாரக் கார்கள் என்று எண்ணியவர்களில் நானும் ஒருவன். அது இரவில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டருக்கானது. −15-க்குக் கீழே போகும் இரவுகளில் அதை மாட்டிவிடுங்கள். பனிக்கால டயர் போடுங்கள், பெட்ரோலைப் பாதிக்குக் குறையவிடாதீர்கள், டிக்கியில் கம்பளியும் மண்வாரியும் இருக்கட்டும். வழியில் பனியில் சிக்கினால் காரைவிட்டு இறங்கி நடக்க வேண்டாம். எஞ்சினைச் சற்று நேரம் இயக்கி, அணைத்து, மீண்டும் இயக்குங்கள், ஒவ்வொரு முறையும் முதலில் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்ட குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஆறாம் படி: வீட்டுக்குள்

வீட்டுக்குள் 21 டிகிரி சூடு இருக்கும், தட்டுப்பாடு ஈரப்பதத்துக்குத்தான். −25 டிகிரிக் காற்றை அப்படியே 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உதடு வெடிப்பதும், மூக்கில் இரத்தம் கசிவதும், கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் சுள்ளென்று மின்னதிர்ச்சி அடிப்பதும் இதனால்தான். ஈரப்பதமூட்டும் கருவி ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். ஆனால் கடுங்குளிரில் 30 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் சன்னல் கண்ணாடியில் நீர் வடிந்து, உறைந்து, மரச்சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும். குளித்து முடித்த உடனே, தோல் முழுவதும் உலருமுன் எண்ணெயோ கிரீமோ தடவுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறைந்துவிடுவதால், குளிர்காலம் முழுவதும் அதைக் கரண்டியால்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

தோசை மாவு இங்கே சமையலறை மேடையில் பொங்காது. ஓவன் அடுப்பை இயக்காமல், அதன் உள்விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் காலைக்குள் பொங்கிவிடும். ‘உள்ளே மாவு’ என்று ஒரு சீட்டையும் கதவில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது அதைச் சூடாக்கிவிடுவார்கள், எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது.

டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஏறத்தாழ எட்டு மணிநேரம்தான். நாலரை மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். இந்த அட்சக்கோட்டில் குளிர்கால வெயிலிலிருந்து தோல் வைட்டமின் டி தயாரிப்பது அநேகமாக நின்றுபோகிறது, கருத்த தோலுக்கு அது கோடையிலேயே கூடுதல் நேரம் எடுக்கும். வந்த முதல் இலையுதிர்காலத்திலேயே மருத்துவரிடம் இதைக் கேட்டு, தேவையான அளவில் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளையில் பதினைந்து நிமிடமேனும் வெளிச்சத்தில் நடந்துவிட்டு வருவது மனத்துக்கு நல்லது. உடைகள் சரியாக இருந்தால் அது துன்பமாகவும் இராது.

கடைசி வேலை, வீடு திரும்பியதும் செய்ய வேண்டியது. பூட்ஸில் ஒட்டிய பனி உருகித் தரையெல்லாம் ஓடாமல் இருக்க, வாசலில் விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை வைத்து அதில் கழற்றுங்கள். காலுறையோடு அந்த உப்புநீரை மிதித்தவர்கள் தட்டின் அருமையை அறிவார்கள். உள்ளிருக்கும் கம்பளி உறையைப் பூட்ஸிலிருந்து உருவி வெளியே எடுங்கள், மிட்டனின் உட்புறத்தை வெளியே திருப்புங்கள், இரண்டையும் வெப்பக்காற்று வரும் துளைக்கு ஓரடி தள்ளி வையுங்கள். நாள் முழுவதும் கால் வியர்த்தது தெரியாவிட்டாலும் உறை ஈரமாகத்தான் இருக்கும். இரவில் உலர்த்தாமல் விட்டால், மறுநாள் காலை எவ்வளவு நல்ல காலணியாக இருந்தாலும் பேருந்து நிறுத்தத்தில் முதலில் மரத்துப்போவது உங்கள் கால்விரல்தான்.