ஹானர்ஸ் இல்லாத பிரிட்டன் பட்டம்: வேலை தேடும்போது செய்ய வேண்டியவை

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில், வகுப்பு பிரித்துத் தரும் ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட் (பாடங்களில் தேறினால் சேரும் அலகு) தேவை. 300 கிரெடிட் சேர்ந்து, அதில் 60 இறுதி நிலையான லெவல் 6இல் இருந்தால் ஆர்டினரி பட்டம், அதாவது ஹானர்ஸ் இல்லாத பட்டம், கிடைக்கும். இறுதியாண்டு ஆய்வேட்டில் தேறாமல் போவது, இரண்டு பாடங்களில் கிரெடிட் விட்டுப்போவது, உடல்நலம் கெட்டுப் பாதியில் நிறுத்துவது என்று இது கைக்கு வரும் வழிகள் பல. தேசியத் தகுதி வரிசையில் இரண்டும் லெவல் 6தான். ஆகவே இது அரைகுறைப் பட்டம் அல்ல, முழுப் பட்டம். ஸ்காட்லாந்தின் தகுதி வரிசை தனி என்பதால் அங்கே எண்கள் வேறு: மூன்றாண்டு ஆர்டினரி லெவல் 9, நான்காண்டு ஹானர்ஸ் லெவல் 10.

தமிழ்நாட்டில் மூன்றாண்டு பி.எஸ்சி.யைப் பார்த்துப் பழகிய வீடுகளுக்கு இந்த வேறுபாடே புரிவதில்லை. பிரிட்டனில் ஆள் எடுப்பவர்களின் கண் முதலில் போவது ஹானர்ஸ் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குத்தான்.

முடிவு இன்னும் உறுதியாகவில்லையா? அப்படியானால் முதல் வேலை பல்கலைக்கழகத்தில்தான். ஆர்டினரி பட்டத்தை ஏற்கிறேன் என்று கையெழுத்திடும் முன், விட்டுப்போன பாடத்தை மறுபடி எழுத வாய்ப்பு உண்டா என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பட்டத்தை வாங்கிவிட்டால் பல இடங்களில் அந்தக் கதவு மூடிவிடும். நோய், வீட்டில் இறப்பு போன்ற காரணம் இருந்தால் மருத்துவச் சான்றோடு உடனே மனுக் கொடுங்கள். உள் மேல்முறையீட்டுக்குக் கெடு மிகக் குறைவாகவே இருக்கும். அதுவும் தோற்றால், நடைமுறை முடிந்தது என்று பல்கலைக்கழகம் தரும் கடிதத்தின் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் ஓ.ஐ.ஏ. என்ற சுயேச்சை முறையீட்டு அமைப்பை நாடலாம். இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்களுக்கு அது இலவசம். ஆனால் மதிப்பெண் சரியா தவறா என்று அது பார்க்காது. நடைமுறை ஒழுங்காக நடந்ததா, முடிவு நியாயமானதா என்றுதான் பார்க்கும்.

அடுத்து, எந்த வேலைக்கு ஹானர்ஸ் உண்மையிலேயே கட்டாயம் என்று பிரித்தறிய வேண்டும். பலர் இதைச் செய்யாமலே மனமொடிந்து போகிறார்கள். பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) பயிற்சிக்கு 2:2, அதாவது ஹானர்ஸில் இரண்டாம் வகுப்பின் கீழ்நிலை, வேண்டும். உளவியலாளராக முன்னேறத் தேவையான பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அடிப்படை அங்கீகாரத்துக்கும் 2:2 வேண்டும். ஆனால் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனை தரும் வழக்கறிஞர்) ஆவதற்கான எஸ்.கியூ.இ. தகுதித் தேர்வுப் பாதைக்கு எந்தப் பாடத்திலும் ஒரு பட்டம் போதும். இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சிக்கு அரசு விதி கேட்பதும் பட்டம்தான், ஹானர்ஸ் அல்ல. பயிற்சி நிலையங்கள் தம் பங்குக்கு 2:2 கேட்கக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் நேரில் கேட்டுவிடுங்கள். மருத்துவர்களின் எம்.பி.பி.எஸ். பெரும்பாலும் ஹானர்ஸ் இல்லாத பட்டம்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி பெரிய நிறுவனங்களின் 2:1 (இரண்டாம் வகுப்பின் மேல்நிலை) நிபந்தனை, குவியும் விண்ணப்பங்களைக் குறைக்க வைத்த சல்லடை. அதைக் கைவிட்ட பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களும் உண்டு: 2015இல் ஈ.ஒய்., 2022இல் பி.டபிள்யூ.சி. சல்லடை வைத்த இடத்தில் இணையப் படிவமே உங்களைத் தள்ளிவிடும், மனிதர் பார்க்கவே மாட்டார். சிறிய, நடுத்தர நிறுவனங்களில் அப்படியல்ல. உங்கள் நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

சி.வி.யில் பட்டத்தைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள்: “பி.எஸ்சி., கணினி அறிவியல்”, பல்கலைக்கழகம், ஆண்டு. “ஹானர்ஸ் இல்லை” என்று நீங்களாகச் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் ஹானர்ஸ் என்ற சொல்லை ஒருபோதும் போடாதீர்கள். ஹெட் என்ற இணையச் சேவை வழியாக நிறுவனங்கள் பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமே சரிபார்க்கின்றன. பொய் பிடிபட்டால் சேர்ந்து எத்தனை ஆண்டு ஆனாலும் வேலை போகும். 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகவும் ஆகலாம். பட்டத்தின் கீழே, வேலைக்குத் தொடர்புடைய மூன்று நான்கு பாடங்களை மட்டும் மதிப்பெண்ணோடு கொடுங்கள். ஒரு பாடத்தில் 68 வாங்கியிருந்தால் அது 2:1 தரம். அதைப் படிப்பவருக்குத் தெரியும்.

படிவத்தில் “ஆர்டினரி” அல்லது “பாஸ்” இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். “தேர்ட்” என்பதைத் தொடாதீர்கள், அது ஹானர்ஸின் ஒரு வகுப்பு. பொருந்தும் எதுவுமே இல்லையென்றால் அனுப்பும் முன் ஆள் சேர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

நேர்காணலில் கேட்டால் மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, எத்தனை கிரெடிட் முடித்தீர்கள், அதன் பிறகு என்ன செய்தீர்கள். பேராசிரியரையோ பல்கலைக்கழகத்தையோ குறை சொல்லத் தொடங்கினால் கேட்பவரின் மனம் அங்கேயே மாறிவிடும்.

பழைய பட்டத்தைத் திருத்த வழியில்லாதவர்களுக்கு நல்ல மாற்று, முதுநிலைச் சான்றிதழ். 60 கிரெடிட்தான், வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிக்கலாம். அதில் நன்றாகச் செய்தால் பல இடங்களில் அதே கிரெடிட்டைக் கொண்டு 120இல் டிப்ளமோ, 180இல் முதுகலை என்று ஏறலாம். சேரும்போது வேலை அனுபவத்தையும் கணக்கில் எடுப்பார்களா என்று சேர்க்கைப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சிக்கான அரசு உதவித்தொகை 2:2 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்குத்தான். ஆனால் முதுகலைப் பட்டம் இருந்தால் அதையும் ஏற்பார்கள்.