மெலிந்து வரும் முதியவர்களும் சர்க்கரைக் கட்டுப்பாடும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், குடியாத்தம், ஆற்காடு வட்டாரத்து வீடுகளில், எண்பதை நெருங்கும் பெரியவரின் ரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை இறங்கியிருப்பதைக் கண்டு குடும்பத்தினர் நிம்மதி அடைகிறார்கள். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு அவர் இளைத்திருப்பதும், திண்ணையை விட்டு எழக் கையூன்றுவதும் அந்தத் தாளில் வருவதில்லை. காரணமில்லாத எடைக்குறைவு, தீராத அசதி, கைப்பிடித் தளர்ச்சி, மெதுவான நடை, சுருங்கிய நடமாட்டம் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் மருத்துவர்கள் அதை நலிவு என்கிறார்கள். நலிந்த உடலில் சர்க்கரை தானாக இறங்குவது, சாப்பாடு குறைந்ததற்கோ சிறுநீரகம் தளர்ந்ததற்கோ அடையாளமாக இருக்கலாம். அதை நல்ல கட்டுப்பாடு என்று எண்ணுவதுதான் முதல் தவறு.

மகனுக்கு உரிய இலக்கையே தாய்க்கும் வைப்பது அடுத்த தவறு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, திடமான முதியவருக்கு எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 முதல் 7.5 சதவீதத்துக்குள் இருக்கலாம். பல நோய்களும் மறதியும் உள்ளவருக்கு 8-க்குக் கீழ் இருந்தால் போதும். மிகத் தளர்ந்தவருக்கு அந்த எண்ணை நம்பியிராமல், தாழ்சர்க்கரையும் தொல்லை தரும் மிகைச்சர்க்கரையும் வராமல் காப்பதே நோக்கம்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது தாழ்சர்க்கரையே. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் போகும்போது இளையவருக்கு வியர்வையும் நடுக்கமும் முன்னறிவிக்கும். முதியவருக்கோ குழறிய பேச்சு, தடுமாற்றம், தூக்கக் கலக்கம் என்றே அது வரக்கூடும் என்பதால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவாங்க" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் படபடப்பையும் மறைத்துவிடும். கிளிபென்கிளமைடு போன்ற நெடுநேரம் வேலை செய்யும் சர்க்கரை மாத்திரைகள், சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் மேலும் தங்கிச் சர்க்கரையை மீண்டும் மீண்டும் இறக்குகின்றன. ஆடிக் கிருத்திகை விரதத்திலோ, மேல்விஷாரம், ஆம்பூர் வீடுகளில் ரமலான் நோன்பிலோ, உணவை விட்டு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்குவது பேராபத்து. முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். குழப்பம் தெரிந்தவுடன் விரலில் குத்திப் பார்த்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

உணவிலும் பிழை நேர்கிறது. சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக் களி கொடுத்தால் போதும் என்கிறார்கள். களியும் பெரும்பாலும் மாவுச்சத்துதான். ரத்தச் சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வது தசை என்பதால், சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை. முட்டை, பருப்பு, தயிர், மீன் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி, நடையால் மட்டும் வராத கால்வலிமையைத் தரும்.

பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடுவதும் தவறே. சர்க்கரை ஏறிச் சிறுநீர் அதிகம் போனால், அக்னி நட்சத்திர வெயிலில் நீர் வற்றி, இரவில் எழும்போது தலைசுற்றி விழ நேரும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய உதவி. ஆனால் பழைய அளவையே ஆண்டுக்கணக்கில் விழுங்காமல், எடையையும் விழுந்த நாள்களையும் ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டி, அளவைக் குறைக்கலாமா என்று கேட்க வேண்டும்.