ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்து அமெரிக்கா வந்தவர்களுக்கு: இரண்டு படியை ஒன்றாக ஏறும் வழி

இதைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்து நான்கு நாள்கூட முடியவில்லை, அதற்குள் மூன்று பேர் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார்கள். மூவரும் அமெரிக்காவில் புதிதாகப் போய் இறங்கியிருக்கும் நம் பக்கத்து நர்சுகள். பதிவு பெற்ற நர்சை அங்கே ஆர்.என். என்பார்கள். கேள்வியும் ஒன்றேதான்: "அக்கா, ஆர்.என்.னிலிருந்து நேராக முதுகலைக்குப் போகும் விரைவுப் படிப்பு இருக்கிறதாமே, சேரட்டுமா?"

நேற்றுக் கூப்பிட்டவள் பாகூர்ப் பெண். டெக்சாஸ் போய் மூன்று வாரம்தான் ஆகிறது. முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னாள். "நீ என்னம்மா படித்தாய்?" என்றேன். "பி.எஸ்ஸி. நர்சிங், அக்கா." "அப்படியானால் அது உனக்கான படிப்பே இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் படித்துவிட்டு ஆர்.என். ஆனவர்கள் ஏராளம். அவர்கள் முதுகலைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலை, பிறகு எம்.எஸ்.என். என்ற நர்சிங் முதுகலை என்று இரண்டு படி ஏற வேண்டும். அந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் இந்த விரைவுப் பாதை. இளங்கலைப் பாடங்களில் சிலவற்றை விட்டுவிடுவார்கள், சில முதுகலைப் பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். முழுநேரமாகப் படித்தால் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டு, வேலையோடு படித்தால் இன்னும் கூடும். நம் ஊர் ஜி.என்.எம். டிப்ளமோக்காரர்கள் ஏறக்குறைய இதே படியில் நிற்பவர்கள். நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங்கோ, வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் மதிப்பீட்டில் பெரும்பாலும் பி.எஸ்.என்.னுக்குச் சமம் என்றுதான் வரும். அவர்கள் நேராக எம்.எஸ்.என்.னுக்கே விண்ணப்பிக்கலாம். படித்ததையே இன்னொரு முறை டாலர் கொடுத்துப் படிப்பானேன்? ஜி.என்.எம்.முக்குப் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. முடித்தவர்கள் மட்டும் மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

இனி ஜி.என்.எம். காரர்களுக்கு. பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெளிநாட்டு டிப்ளமோவை ஏற்பார்களா என்பது. அமெரிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் டிப்ளமோவை மட்டுமே ஏற்கும் கல்லூரிகள் உண்டு. அடுத்தது, நடுவில் பி.எஸ்.என். பட்டத்தைத் தனியாகத் தருவார்களா? சில இடங்களில் தருவார்கள், சில இடங்களில் கடைசியில் எம்.எஸ்.என். மட்டும்தான். பிள்ளைப்பேறு, ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போவது என்று பாதியில் நிறுத்த நேர்ந்தால், தராத இடத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது. என்னைக் கேட்டால், தருகிற இடம் ஆறு மாதம் கூடுதலாக இழுத்தாலும் அதையே எடுங்கள். நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2017 டிசம்பரில் அங்கே வந்த சட்டப்படி, டிப்ளமோவோடு புதிதாக உரிமம் பெறும் ஆர்.என். பத்தாண்டுக்குள் நர்சிங்கில் இளங்கலையோ அதற்கு மேலோ முடித்திருக்க வேண்டும்.

ஆங்கிலக் கட்டுரை, புள்ளியியல் போன்ற பொதுப் பாடங்கள் தனியாகக் கேட்பார்கள். அவற்றை வீட்டுக்குப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் முடித்தால் செலவு குறைவு. ஆனால் அந்தப் பாடம் செல்லுமா என்று சேரப்போகும் கல்லூரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நர்சிங் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்புகளான சி.சி.என்.ஈ. அல்லது ஏ.சி.ஈ.என்.னின் அங்கீகாரம் கல்லூரிக்கு இருக்கிறதா, ஆன்லைன் என்றால் உங்கள் மாநிலத்தவரைச் சேர்த்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டா, இதையும் பாருங்கள்.

எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எதில் முதுகலை என்று கேட்பவர்கள் குறைவு. நிர்வாகம், கற்பித்தல் போன்ற பிரிவுகளை வேலையோடு சேர்த்து ஓட்டிவிடலாம். நோயாளியைத் தாமே பரிசோதித்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் பிரிவு அப்படியல்ல. 2022-இல் வந்த தேசியத் தரநெறிப்படி குறைந்தது 750 மணி நேரம் நேரடியாக நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லித்தரும் பிரிசெப்டரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. ஊருக்குப் புதியவர், யாரையும் தெரியாது, எந்தக் கிளினிக் கதவைப் போய்த் தட்டுவீர்கள்? கல்லூரியே பிரிசெப்டரை ஏற்பாடு செய்து தருமா என்பதை விளம்பரத்தில் தேடாதீர்கள், அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களிடம் கேளுங்கள். மயக்க மருந்து நர்ஸ் ஆகும் ஆசை இருந்தால் இந்தப் பாதை போதாது, அதற்கு இப்போது முனைவர் பட்டம் வேண்டும்.

பணத்துக்கு வருவோம். வேலை தரும் நிறுவனம் படிப்புக்கென்று ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் அதற்கு வருமான வரி கிடையாது. பல மருத்துவமனைகள் கொடுக்கின்றன. பதிலுக்கு ஓரிரண்டு ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்பார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏஜென்சி ஒப்பந்தத்தில் வந்தவருக்கு முதலாளி ஏஜென்சிதான், மருத்துவமனை அல்ல. அங்கே உடன் வேலை பார்ப்பவருக்குக் கிடைப்பது உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கிரீன் கார்டோடு வந்தவர்கள் ஃபாஃப்சா என்ற கல்வி உதவி விண்ணப்பப் படிவம் நிரப்பி அரசின் கல்விக் கடனும் கேட்கலாம்.

முதல் ஒரு வருடம் எதிலும் சேராதீர்கள் என்பது என் கட்சி. பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி, கம்ப்யூட்டரில் குறிப்பெழுதுவது, கார் ஓட்டப் பழகுவது, இவையே போதும். அந்த வருடத்தில் செய்ய வேண்டியது சான்றிதழ் வேலை.

அதில் பாதி இங்கே, ஊரில்தான் நடக்கும். பி.எஸ்ஸி. என்றால் பட்டம் தந்த பல்கலைக்கழகம் எது என்று பாருங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றுக்கு கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் முன்பு படித்தவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். ஜி.என்.எம். என்றால் படித்த நர்சிங் பள்ளிக்கும் மாநில நர்சிங் கவுன்சிலுக்கும் அலைய வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை இனிஷியல். சான்றிதழில் 'எஸ். கலைச்செல்வி', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படித்த பாடங்களும் மதிப்பெண்ணும் அடங்கிய ட்ரான்ஸ்கிரிப்ட் மூடி முத்திரையிட்ட உறையில்தான் போக வேண்டும், அல்லது கல்லூரியே நேரடியாக அனுப்ப வேண்டும். என் முதல் விடுமுறையில் இதற்காக ஒரு அலுவலகத்தில் எட்டு நாள் நின்றேன். ஒன்பதாம் நாள் கிடைத்தது. துணி ஒட்டிய பழுப்பு உறை, ஒட்டிய இடத்தில் கல்லூரி முதல்வர் கையெழுத்து, அதன்மேல் ஊதா முத்திரை. வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் உறை பிரிந்து கிடக்கிறது. பிள்ளை அவ்வளவு அலைந்து வாங்கிய காகிதமாயிற்றே என்று அம்மா உள்ளே இருந்ததை எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பாடலீஸ்வரர் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மறுநாள் மறுபடியும் அதே பஸ், அதே அலுவலகம்.

இந்த முறை தம்பி மனைவிக்காக அதே அலுவலகத்துக்குப் போய், ஐந்து உறை கேட்டு வாங்கினேன். நான்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒன்றை நானே பிரித்து அம்மாவிடம் கொடுத்தேன்.