சிறுகதைக்குப் படம் கீறப் பழகுவோம்: துலாக் கிணற்றடியில் ஒரு பாடம்

ஞாயிறு மலரில் சிறுகதைக்கு மேலே ஒரு படம் வருமே, அதைக் கீறத்தான் இன்று பழகப் போகிறோம். கணினி பிறகு வரட்டும். ஒரு பென்சில், அழிறப்பர், தடித்த வெள்ளைத் தாள், ஒரு போத்தல் இந்தியன் இங்க் (கெட்டிக் கறுப்பு மை), தொட்டெழுதும் நிப் பேனா, 2ஆம் நம்பர் வட்டத் தூரிகை போதும். தூரிகையில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். நனைத்தால் நுனி ஊசிபோலக் கூட வேண்டும்.

1. கதையை மூன்று தரம் வாசியுங்கள்

முதல் தரம் சும்மா. இரண்டாம் தரம், கண்ணுக்குத் தெரிகிற பொருட்களுக்கெல்லாம் கீழே கோடு போடுங்கள். மூன்றாம் தரம், எதைக் கீறக்கூடாது என்று தேடுங்கள். வாசகர் முதலில் பார்ப்பது படத்தைத்தான். எழுத்தாளர் கடைசிப் பந்தி வரை பொத்தி வைத்ததை நாங்கள் தலைப்புக்குப் பக்கத்திலேயே போட்டு உடைத்தால், அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பழக ஒரு கதை வைத்துக்கொள்வோம். மகனை வெளிநாடு அனுப்பத் தகப்பன் தோட்டக் காணியை விற்கிறார். உறுதி எழுதிய அன்றிரவு, இனித் தனதில்லாத புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் இறைக்கிறார். அவர் இறைப்பதைக் கீறாதீர்கள். அதற்குச் சற்று முன் நில்லுங்கள்: துலா, அதாவது கிணற்றில் தண்ணீர் இறைக்கும் நீண்ட மரம், ஓய்ந்து நிற்கிறது, அவர் படலையடியில் வந்து நிற்கிறார்.

2. தீப்பெட்டி அளவில் கீறுங்கள்

கொப்பி ஒற்றையில் தீப்பெட்டி அளவுக்கு ஏழெட்டுக் கட்டம் போட்டு, வெறும் கறுப்பு வெள்ளையில் காட்சியை மாற்றி மாற்றிப் பாருங்கள். எனக்குப் பிடித்தது, துலாவைக் குறுக்கே சரித்து, அதன் நுனி தகப்பனைக் காட்டுகிற மாதிரி வைப்பது. கண் தானாக அவரிடம் போகும். பத்திரிகை ஆசிரியருக்குக் காட்ட வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். மை போட்ட பிறகு மாற்றச் சொன்னால் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

3. பொருளை நேரில் பாருங்கள்

நான் முதன்முதலில் துலா கீறியபோது ஆடுகாலை விட்டுவிட்டேன். அம்மம்மா படத்தைப் பார்த்தவுடனேயே, “இதில ஆர் ஏறி மிதிக்கிறது?” என்று கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தார்: துலாவைத் தாங்கும் ஆடுகால், நுனியில் தொங்கும் துலாக்கொடி, அதன் அடியில் பனையோலைப் பட்டை. துலாவில் ஆள் முன்னும் பின்னும் நடக்க, பட்டை இறங்கி ஏறும். இது தெரிந்தபின் கோட்டுக்கே பாரம் வந்தது. எங்கள் வாசகரில் துலா மிதித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குப் பிழை உடனே தெரியும்.

4. மை போடுங்கள்

அச்சில் 4 அங்குல அகலம் என்றால் 6 அங்குலத்தில் கீறுங்கள். சுருங்கும்போது சின்ன நடுக்கங்கள் மறையும். மெல்லிய கோடுகளுக்கு நிப், கிணற்று இருட்டுக்குத் தூரிகை. பத்திரிகைத் தாள் மையைக் குடித்துக் கோட்டை ஊதவைக்கும். அதனால் கோடுகளை நெருக்கி அடுக்காமல் இடைவெளி விடுங்கள்.

மை நன்றாகக் காய்ந்த பிறகே பென்சில் கோட்டை அழியுங்கள். சோளகக் காற்று நாட்களில் யன்னலைச் சாத்துங்கள், தூசு ஈர மையில் ஒட்டும். இந்தியன் இங்க்கை ஊற்றுப்பேனாவுக்குள் விடவே விடாதீர்கள், உள்ளே காய்ந்து அடைத்துவிடும். நிப்பையும் தூரிகையையும் உடனே கழுவுங்கள்.

5. சுருக்கிப் பாருங்கள்

போட்டோக்கொப்பிக் கடையில் 67 வீதத்துக்குச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். 6 அங்குலம் 4 ஆகிவிடும். கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். தகப்பன் வேலியோடு கலந்துபோனால், அவருக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளை விட வேண்டும். சரி என்றால் மூலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்து டிஃப் (TIFF) கோப்பாக அனுப்புங்கள். ஜேபெக் (JPEG) கோப்பு கறுப்புக் கோட்டின் ஓரத்தைக் கலங்கடிக்கும்.

மூலப் படத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பின்பக்கம் பென்சிலால் கதையின் பெயரும் திகதியும் எழுதி, மட்டையின் நடுவே தட்டையாக வையுங்கள்.